ஆங்கில மீடியமா, ஸ்கொலர்ஷிப்பா? தரம் 3 பிள்ளையின் தாய்க்கு ஒரு பதில்

உவர்மலையில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகன் தரம் 3. திருகோணமலை நகரத்தில், தரம் 13 வரை உள்ள ஓர் அரச பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படிக்கிறான். மற்றப் பிள்ளைகள் கணக்கைக் கொப்பியில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவான். மிச்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவனோடு கதைத்து ஏச்சு வாங்குவான். வகுப்பாசிரியை, "இவனை இப்பவே ஸ்கொலர்ஷிப் வகுப்பில் போடுங்கோ" என்கிறார், அதாவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷனில். தகப்பனோ வருகிற தவணையில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கும் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு மாற்ற நினைக்கிறார். இதற்கிடையில் ரொறன்ரோவில் இருக்கும் மாமா, "இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒன்றில் பிரெஞ்சு இமெர்ஷனில் போடுவார்கள், இல்லாவிட்டால் கிஃப்டட் வகுப்பில். நீங்களும் ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்யுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். இமெர்ஷன் என்பது பாடங்களையே பிரெஞ்சில் படிப்பிக்கும் முறை, கிஃப்டட் என்பது மிகை ஆற்றல் உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. எதைத் தெரிவுசெய்வது?

நான் திருகோணமலையில் ஆங்கில ஆசிரியராகவும் பிறகு ஆசிரிய ஆலோசகராகவும் வேலை செய்தவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இரண்டும் வேண்டாம். பிள்ளை இருக்கிற பாடசாலையிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் பாடங்கள் படிப்பதா என்பதைத் தரம் 6க்குப் போகும்போது முடிவு செய்யுங்கள். ஸ்கொலர்ஷிப் பரீட்சையை எழுதட்டும், ஆனால் அதற்காக இரண்டு மூன்று வருடத்தை அடகு வைக்காதீர்கள்.

மாமா சொன்னதிலிருந்து தொடங்குவோம். அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னது சரிதான். அதை இங்கே பொருத்தும்போதுதான் சிக்கல் வருகிறது.

கனடாவின் பிரெஞ்சு இமெர்ஷன் 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள சென் லம்பேர் என்ற ஊரில் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், கியூபெக்கில் வாழப்போகும் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பிரெஞ்சுப் பாடம் போதாது என்று கண்டு, பாலர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வாலஸ் லம்பேர்ட்டும் அவருடைய குழுவும் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வகுப்புகளில் ஆங்கில வாசிப்பில் பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆங்கிலமும் ஒரு பாடமாகச் சேர்ந்த பிறகு எட்டிப்பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சு மேலதிகமாகக் கிடைத்தது. உலகம் முழுக்க இமெர்ஷன் பரவியதற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் சூழலைப் பாருங்கள். வீட்டு மொழி ஆங்கிலம், கண்டம் முழுக்கச் செல்வாக்கு உள்ள மொழியும் அதுவே. பாடசாலை அதைத் தொடாவிட்டாலும் அது தேயாது. படிப்பித்த ஆசிரியர்கள் பிரெஞ்சைத் தங்கள் சொந்த மொழியாகப் பேசினார்கள். லம்பேர்ட் பிறகு ஒரு வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார்: புதிய மொழி வீட்டு மொழியோடு கூடி நிற்கும் நிலை ஒன்று, வீட்டு மொழியைக் கழித்துவிட்டு அதன் இடத்தில் வந்து உட்காரும் நிலை இன்னொன்று. முதலாவதில்தான் அந்த நல்ல முடிவுகள் வந்தன. சொல்லப்போனால் மாமாவின் பிள்ளைகளுக்கு ரொறன்ரோவின் சாதாரண ஆங்கிலப் பாடசாலையே இரண்டாவது நிலையைக் கொண்டுவந்துவிடக்கூடும். அவர்கள் தமிழில் கடிதம் எழுதுவார்களா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கிஃப்டட் வகுப்பும் அப்படித்தான். ஒன்ராறியோவில் அது விசேட கல்விச் சட்டத்துக்குள் வருகிற ஒரு விஷயம். பார்வைக் குறைபாடு, கற்றல் இடர்பாடு போன்றவற்றோடு மிகை ஆற்றலும் அங்கே ஒரு விசேட தேவையாக எண்ணப்படுகிறது. பல கல்விச் சபைகள் தரம் 3இல் பிள்ளைகளைப் பரிசோதித்து, குழு ஒன்று கூடி முடிவெடுத்து, தரம் 4இலிருந்து தனி வகுப்பில் சேர்க்கின்றன. அது பரிசு இல்லை. இந்தப் பிள்ளைக்குச் சாதாரண வகுப்பின் வேகம் பொருந்தவில்லை, வேறு விதமாகப் படிப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேறொரு பாடசாலையில் நடக்கும் என்பதால் இமெர்ஷனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். மாமா ஊரில் தாய் தகப்பன் தலையைப் பிய்த்துக்கொள்வது இதற்காக.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே "இன்டர்நேஷனல்" என்பது இமெர்ஷனும் இல்லை, ஸ்கொலர்ஷிப் என்பது கிஃப்டட் திட்டமும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கல்வி அமைச்சின் பாடசாலைகள் போல ஆசிரியர் நியமனமும் மேற்பார்வையும் அங்கே இல்லை. அதனால் தரம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடும். சிலது உண்மையிலேயே நல்லவை. சிலவற்றில் பெயர்ப்பலகையும் ரையும் மட்டும்தான் ஆங்கிலம். எதைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க விளம்பரக் கடதாசி உதவாது. ஒரு நாள் அனுமதி கேட்டு உள்ளே போய், தரம் 4 விஞ்ஞான வகுப்பின் பின்வாங்கில் இருந்து பாருங்கள். ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு பிள்ளை எதிர்பாராமல் கேட்கிற கேள்விக்கு ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் விளக்கம் சொல்கிறாரா? இல்லை, விளக்கம் தமிழிலும் நோட்ஸ் ஆங்கிலத்திலுமாகப் போகிறதா? இரண்டாவது என்றால் பிள்ளை கொப்பி எழுதப் பழகுகிறது, அவ்வளவுதான். இடைவேளையில் முற்றத்தில் நின்று காது கொடுங்கள். பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை பிடிக்கிறார்களோ அதுதான் அந்தப் பாடசாலையின் உண்மையான மொழி.

திருகோணமலையில் தமிழ் அழிந்துபோகும் என்று நான் பயப்படவில்லை. வீட்டில், கடையில், கோணேசர் கோயிலில், கிரிக்கெட் விளையாடும் வெளியில் எல்லாம் தமிழ் இருக்கிறது. உங்கள் மகன் எங்கே படித்தாலும் தமிழ் கதைப்பான். போவது எழுத்தும் வாசிப்பும். தரம் 3 என்பது பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து, வாசித்து விஷயம் அறிகிற நிலைக்கு மாறுகிற காலம். அந்த மாற்றம் நடக்கும்போது மொழியை மாற்றினால் தமிழில் அது பாதியில் நிற்கும். ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? ரொறன்ரோவில் ஆய்வு செய்த ஜிம் கமின்ஸ் 1979இலிருந்து எழுதிவருகிற ஒரு விஷயத்தை ஒவ்வொரு தாய் தகப்பனும் அறிந்திருக்க வேண்டும். அன்றாடம் கதைக்கிற ஆங்கிலம் ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 2 வருடத்தில் வந்துவிடும். பாடம் படிக்கிற ஆங்கிலம், அதாவது காரணம் சொல்லவும் ஒப்பிடவும் நீண்ட பந்தியை விளங்கவும் தேவையான மொழி, 5 முதல் 7 வருடம் எடுக்கும். அதுவும் அவர் பார்த்தது கனடாவில், நாள் முழுக்கச் சுற்றிவர ஆங்கிலம் கேட்கிற குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை. உவர்மலையில் அந்தக் காலம் குறையும் என்று எதிர்பார்க்க வழியில்லை. தரம் 4இல் மாறும் பிள்ளை ஒன்பதாம் பத்தாம் வகுப்பில்தான் உண்மையாகச் சமநிலைக்கு வருவான். நடுவில் அவன் ஆங்கிலத்தில் விறுவிறு என்று கதைப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் திருப்திப்பட்டுவிடுவார்கள். பாடம் விளங்குகிறதா என்பது அந்தப் பேச்சுக்குள் மறைந்துவிடும்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. சாதாரணப் பிள்ளை விளங்காவிட்டால் புள்ளி குறையும், உடனே தெரிந்துவிடும். ஞாபகசக்தி உள்ளவன் விளங்காததையும் பாடமாக்கி எழுதி 90 எடுத்துவிடுவான். கன்னியாவில் ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஏன் எல்லாவற்றிலும் ஒரே சூடு இல்லை? உப்புவெளியில் அலை அடிக்கும்போது உள்துறைமுகத்தில் ஏன் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது? இப்படிக் கேட்கிற பிள்ளைதான் நிஜமான கெட்டிக்காரன். அந்தக் கேள்வியைக் கேட்கவும், அரைகுறை விடையோடு சண்டை பிடிக்கவும், அவன் கையில் முழுசாக ஒரு மொழி இருக்க வேண்டும். எட்டு வயதில் அது தமிழ்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை இன்டர்நேஷனல் ஸ்கூல் அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில், அதாவது வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளியில், நடப்பது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கிருந்து உள்ளூர் உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இந்த வழிகள் எல்லாம் திறந்திருக்கின்றன. பிரித்தானியப் பரீட்சைகளுக்கான லண்டன் பாடத்திட்டத்தில் போகிற பிள்ளை இந்த வரிசைக்குள் வரமாட்டான், தனியாருக்கோ வெளிநாட்டுக்கோ காசு கட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். சில இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் உள்ளூர்ப் பாடத்திட்டத்தையே ஆங்கிலத்தில் நடத்துகின்றன. ஆகவே போவதென்றால் முதல் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதாக இருக்கக்கூடாது. எந்தப் பாடத்திட்டம், உயர்தரம் வரை இருக்கிறதா என்பதைக் கேளுங்கள்.

இனி ஸ்கொலர்ஷிப். இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு நோக்கம் உண்டு. வசதி குறைந்த, திறமையான பிள்ளைக்கு மாதாந்தம் உதவிப்பணம் கொடுப்பது ஒன்று. தரம் 6இல் வசதியான பாடசாலை ஒன்றுக்கு அவன் போக வழிவிடுவது மற்றது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி, மத்திய கல்லூரி யோசனையோடு சேர்ந்து பிறந்த நல்ல நோக்கங்கள் அவை. இப்போது உங்கள் மகனை இதில் வைத்துப் பாருங்கள். அவன் ஏற்கெனவே தரம் 13 வரை உள்ள நகரப் பாடசாலையில் இருக்கிறான். தரம் 6க்கு அவன் எங்கேயும் போகத் தேவையில்லை. கொழும்புக்கோ கண்டிக்கோ விடுதியில் விடுகிற எண்ணமும் உங்கள் கேள்வியில் இல்லை. உதவிப்பணமோ குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. அப்படியானால் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து அவனுக்குக் கிடைக்கப்போவது என்ன? அநுராதபுரச் சந்தியில் ஒரு பதாகை, அதில் ரை கட்டிய படம். ரியூஷன் ஆசிரியருக்கு அடுத்த வருடத்துக்கான விளம்பரம்.

வெருகலிலோ குச்சவெளிப் பக்கத்துக் கிராமத்திலோ இருக்கும், மேல் வகுப்புகள் இல்லாத சிறிய பாடசாலைப் பிள்ளைக்கு நான் இந்தப் பேச்சைப் பேசமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு இது உண்மையான கதவு. அங்கே ஓர் ஆசிரியர் பாடசாலை விட்ட பிறகும் இருந்து மாதிரி வினாத்தாள் செய்விக்கிறார் என்றால் அவரைக் கும்பிட வேண்டும். நகரத்தில், இருக்கிற பாடசாலையிலேயே தொடர்ந்து இருக்கப்போகும் பிள்ளைகளை அதே ஓட்டத்தில் ஓடவிடுவதைத்தான் கேட்கிறேன், எதற்காக?

பரீட்சை 200 புள்ளிக்கு, இரண்டு வினாத்தாள். முதலாவது நுண்ணறிவு வகைக் கேள்விகள், 40 கேள்வி ஒரு மணித்தியாலத்தில். இரண்டாவது தமிழ், கணிதம், சுற்றாடல் போன்றவற்றிலிருந்து. ஆற்றலை அளப்பதற்காக வந்தது அந்த முதல் வினாத்தாள். அதையே நூற்றுக்கணக்கான மாடல் பேப்பர் செய்து பழகும்போது அது அளப்பது பழக்கத்தையும் வேகத்தையும். கணக்கில் ஆர்வம் உள்ள பிள்ளை ஒரு கேள்வியில் நின்று வேறு வழி யோசித்தால், "நேரம் போகுது, அடுத்ததைச் செய்" என்று அதட்டு விழும். உங்கள் மகனிடம் உள்ள நல்ல குணமே அந்த நிற்கிற குணம்தான். சனி, ஞாயிறு, பின்னேரம் எல்லாம் ரியூஷன் என்று போய், தரம் 6இல் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற வெட்டுப்புள்ளி வீரர்களை எங்கள் ஊர் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே எழுதட்டும், பாடசாலையில் செய்விக்கிற பயிற்சி போதும். தரம் 5இல் கடைசிச் சில மாதம் பழைய வினாத்தாள்களை வீட்டில் நேரம் வைத்துச் செய்து பார்க்கட்டும், நேரக் கட்டுப்பாடு புதிதாக இருக்கக்கூடாது என்பதற்காக. தரம் 3இல் வகுப்பு வேண்டாம். ஆசிரியையிடம் மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: "ரீச்சர், இவன் முதலே முடித்துவிட்டால் இவனுக்குக் கொஞ்சம் கஷ்டமான கணக்கு ஒன்று கொடுப்பீங்களா? இல்லாவிட்டால் விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விடுவீங்களா?" மற்றவனுக்கு விளக்குவது லேசான வேலை இல்லை, அவன் வாயும் அதில் அடங்கும். சதுரங்கம், பழைய கணிதப் புதிர்ப் புத்தகங்கள், வீட்டில் கழற்றிப் பூட்ட ஒரு பழைய மணிக்கூடு, இவை எல்லாம் இந்த வயதுக்கு எந்த நுண்ணறிவு வகுப்பையும் விட நல்லவை. ஒரு வகுப்பு தாண்டி ஏற்றுகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தை அலட்சியம் செய்யச் சொல்கிறேன் என்று தகப்பன் நினைக்கக்கூடாது. அவருடைய கவலை நியாயமானது. ஆங்கிலம் இல்லாமல் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் முதல் வருடத்தில் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தை நன்றாகப் படிப்பது ஒரு விஷயம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிப்பது வேறு விஷயம். தரம் 3இலிருந்து ஆங்கிலம் முறையான பாடம். அதன் மேல் தினமும் அரை மணித்தியாலம் சத்தமாகக் கதை வாசியுங்கள், நீங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பொது நூலகத்துச் சிறுவர் பகுதியிலிருந்து எடுத்துவாருங்கள், அவன் அளவுக்குக் கொஞ்சம் லேசான புத்தகமாக. உச்சரிப்புத் தப்பினாலும் பரவாயில்லை, கதை ஓட வேண்டும். இலக்கணப் பயிற்சித்தாள் கொடுக்கிற "ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்புகளை விட இது பலமடங்கு வேலை செய்யும். தமிழில் வடிவாக வாசிக்கப் பழகிய பிள்ளை அந்த வாசிப்புத் திறனை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோவான், இதுவும் கமின்ஸ் வலியுறுத்துகிற விஷயம்தான். அதனால் பத்திரிகையைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டும் வேலையையும் அவனிடம் கொடுங்கள்.

இமெர்ஷன், இமெர்ஷன் என்று ரொறன்ரோ வரை போகிறோமே, அந்த முறையில் ஒரு மொழி படிக்க இந்த ஊரில் உண்மையாகவே வாய்ப்புள்ளது சிங்களத்துக்குத்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. கந்தளாய்க்குப் போகிற பஸ்ஸிலும் சந்தையிலும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலும் சிங்களம் உயிரோடு இருக்கிறது. அரச சேவைக்குப் போகிறவர் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டியே ஆக வேண்டும். பெரியவர்கள் அதற்காகப் பாஸ் பண்ண முடியாமல் வருடக்கணக்காக இழுபடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை சிங்களப் பிள்ளைகளோடு ஒரு கிரிக்கெட் குழுவிலோ நீச்சல் வகுப்பிலோ சேர்ந்தால் காசு இல்லாமலே அதைப் பிடித்துவிடுவான். கேட்டால் பெற்றோர் சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

தரம் 6க்கு வருவோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அரச பாடசாலைகளில் இருமொழிக் கல்வி இருக்கிறது. கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்திலும் மற்றவற்றைத் தமிழிலும் படிக்கலாம். சென் லம்பேரில் நடந்ததற்கு நம்மிடம் உள்ள மிகக் கிட்டிய உறவு இதுதான். தமிழ் கையில் உறுதியாக இருக்கும்போது, அதன் மேல் ஆங்கிலம் கூடுகிறது. சரிவராவிட்டால் அதே பாடசாலையில் தமிழ் மொழிமூலத்துக்குத் திரும்பவும் முடியும். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. இருக்கிற இடத்திலும் ஒரு பலவீனம் உண்டு: ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரே ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் வகுப்பு ஆட்டம் காணும். ஆகவே இப்போதே அதிபரிடம் போய், எந்தெந்தப் பாடம், எத்தனை ஆசிரியர், தரம் 11 வரை தொடர்ச்சியாகப் போனதா, போன வருடம் சாதாரண தரத்தை ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் பாடசாலையில் அது பலமாக இல்லை, ஆனால் பக்கத்துப் பாடசாலையில் இருக்கிறது என்று தெரியவந்தால், அப்போது ஸ்கொலர்ஷிப் புள்ளிக்கு உங்களுக்கும் ஒரு பயன் வரும். மேலே சொன்ன காரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

எப்போது என் பதில் மாறும்? அடுத்த ஓரிரு வருடத்தில் குடும்பமாக வெளிநாடு போவது உறுதி என்றால் ஆங்கிலப் பாடசாலைக்கு மாற்றுங்கள், தாமதிக்க வேண்டாம். வீட்டிலேயே ஆங்கிலம் புழங்குகிறது, பிள்ளை நேர்சரியிலிருந்தே அதில் வாசிக்கிறான் என்றாலும் கதை வேறு. "எப்போதாவது கனடா போகலாம்" என்பது உறுதி இல்லை. மாமாவின் ஸ்பொன்சர் பேச்சும் உறுதி இல்லை.

இவ்வளவும் வாசித்த பிறகும் தகப்பன் மாற்றத்தான் போகிறேன் என்றால், விடுகைப் பத்திரம் வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசிக்கச் சொல்லுங்கள். நகரத்துப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கு எவ்வளவு அடிபாடு என்று நீங்களே அனுபவித்திருப்பீர்கள். விட்ட இடத்துக்குத் தரம் 4இலோ 5இலோ திரும்பி வருவது வெற்றிடம் இருந்தால் மட்டுமே நடக்கும். அதனால் விடுமுறையில் அந்த ஸ்கூலில் சில நாள் வகுப்பில் இருத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள், மகன் வந்து என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். அவன் வயதுப் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பி ஒன்றை இரவல் வாங்கி, அதில் இருக்கிற ஒரு பந்தியைத் தமிழில் விளக்கச் சொல்லி அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். விளக்கினால் பணம் கட்டுங்கள்.